தேடல் பெட்டியில் சிநேகாவின் பெயர்

கருங்குழியில் ஜெனிஃபரைப் பற்றி விசாரித்தால், "ஏசுதாஸ் பொண்ணுதானே? செங்கல்பட்டுல கம்ப்யூட்டர் வேல செய்யுது" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பெற்றவர்களுக்கே தெரியாது. வெளியே சொல்லக்கூடாத வேலை அது.

ஏசுதாஸ் இளவயதில் அடுத்தவர் நிலத்தில் வரப்பு வெட்டியவர். பிறகு மதுராந்தகத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். மகள் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கி, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யார் யாரிடமோ திட்டு வாங்கினாள். ஆல்வினைக் கல்யாணம் செய்துகொண்டு கூடுவாஞ்சேரியில் குடியேறியதும் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டாள். ஆல்வின் கால்டாக்சி ஓட்டுபவன். பொழுதெல்லாம் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று சுற்றிவிட்டு வருவான்.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஜெனிஃபர் சேர்ந்த இடம்தான் 'துணைவாசல்' அறக்கட்டளை. செங்கல்பட்டில் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. நடத்தியவர் ராஜம் சிஸ்டர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷனிடம் மண்டை உடைந்து வருகிற பெண்களுக்குக் கட்டுப் போட்டு, மறுபடி அதே வீட்டுக்கே அனுப்பி, அதே பெண் அடுத்த மாதம் கை ஒடிந்து வருவதைப் பார்த்து நொந்துபோனவர். கையில் காசு வந்ததும் சாதாரண வீடுகளாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தார். போர்டு கிடையாது. அக்கம்பக்கத்தாருக்கு அது வேலைக்குப் போகிற பொம்பளைங்க தங்குகிற வீடு, அவ்வளவுதான். ஓடிவந்த பெண்களும் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள்.

டைப் அடிக்கத்தான் ஜெனிஃபரை எடுத்தார்கள். ஆனால் கல்லூரி மாணவன் ஒருவன் இலவசமாகச் செய்துகொடுத்துவிட்டுப் போன வெப்சைட் ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. ஜெனிஃபர் அதை எழுப்பினாள். தமிழில் எழுதினாள். 'உதவி வேண்டும்' என்று ஒரு பக்கம் வைத்தாள். அதில் எழுதினால் அறக்கட்டளையின் மெயிலுக்கு வந்து சேரும். ஃபோனில் பேசப் பயந்த பெண்கள் அதில் எழுதினார்கள். மூன்று வரி, நான்கு வரி. சிலர் வெறும் ஊர்ப்பெயரை மட்டும். வெப்சைட்டும் மெயிலும் முழுக்க அவள் பொறுப்பில் வந்தன.

சிநேகாவும் அந்தப் பக்கத்தின் வழியாக வந்தவள்தான். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அனுவோடு வந்தாள். புருஷன் தீனதயாளன், எல்லாருக்கும் தீனா, ஃபிளாட்டுகளுக்கு இன்டர்நெட் லைன் இழுத்து வைஃபை மாட்டிக் கொடுக்கிறவன். அடிப்பதை விட அவன் வேவு பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை என்றாள் சிநேகா.

"நான் யார்கிட்ட பேசறேன், இன்னா பேசறேன், எல்லாம் அவன் ஃபோன்ல தெரியும்க்கா. ஒரு வாட்டி எங்க அம்மாகிட்ட அழுதேன். நான் அழுதத அப்டியே திருப்பி என்கிட்ட பேசிக் காட்டிகினு சிரிச்சான்."

வந்த அன்று முதல் வேலையாகத் தன் ஃபோனை எடுத்து ஜெனிஃபர் கையில் கொடுத்தாள். "இத எங்கனா கடாசிடுங்க."

ஜெனிஃபர் அதை அணைத்தாள். "இனிமே பயப்படாத. இங்க உன்ன எவனும் கண்டுபுடிக்க முடியாது" என்றாள்.

சிநேகாவைப் பூஞ்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் வைத்தார்கள். மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அனுவைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லாததற்கு விளக்கம் கேட்டுப் பள்ளியிலிருந்து மெயில் வந்தது. ஜெனிஃபர் பதில் எழுதினாள். அனு அங்கே மூன்றாம் வகுப்புக்கும் போனாள். தலைமுடியைத் தானே பின்னக் கற்றுக்கொண்டாள். விவாகரத்துக்கும் பாதுகாப்பு உத்தரவுக்கும் துணைவாசல் வழியாக மனு போட்டு, தீனாவுக்கு நோட்டீஸும் போயிருந்தது, வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. தீனா ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. தேடுவதை விட்டுவிட்டான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

*

மாமல்லபுரத்தில் கைவினைப் பொருள் கண்காட்சி நடந்தது. துணைவாசல் பெண்கள் தைத்த துணிப்பைகளை விற்க ஒரு ஸ்டால் போட்டார்கள். பெண்களை வெளியே காட்ட முடியாது, அதனால் ஜெனிஃபர் மட்டும் உட்கார்ந்தாள். ஒரு வாரம் முன்பே வெப்சைட்டில் அறிவிப்புப் போட்டிருந்தாள். இடம், தேதி, 'எங்கள் இணையதளப் பொறுப்பாளர் ஜெனிஃபர் உங்களைச் சந்திப்பார்' என்று ஒரு வரி, பக்கத்தில் அவள் சிரிக்கிற ஃபோட்டோ.

அன்றைக்கு நல்ல கூட்டம். வெளிநாட்டுக்காரர்கள் பைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஃபோட்டோ எடுத்து வெப்சைட்டில் ஏற்றலாம் என்றால், கூட்ட நெரிசலில் ஃபோனில் நெட் நகரவே இல்லை. எதிரே ஒரு காபிக் கடை. வாசலில் 'இலவச வைஃபை' என்று எழுதிய அட்டை. ஃபோனில் தேடினால் கடையின் பெயர் இரண்டு தடவை வந்தது. ஒன்றில் பூட்டுப் படம் இருந்தது, கடைக்காரரிடம் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். மற்றதில் பூட்டு இல்லை. ஸ்டாலை விட்டு நகர முடியாதவள், பூட்டு இல்லாததைத் தொட்டாள்.

ஒரு பக்கம் திறந்தது. கடையின் பெயர், ஆவி பறக்கும் கப் ஒன்றின் படம், கீழே 'உங்கள் மெயில் கணக்கில் நுழைந்து இணையத்தைப் பயன்படுத்துங்கள்.' அவள் அறக்கட்டளையின் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். நெட் வந்துவிட்டது. படங்கள் மளமளவென்று ஏறின. சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

மெயிலுக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். மறக்காமல் இருக்க அப்படி வைத்திருந்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு முறை மெயிலுக்குள் நுழையும்போதும் ராஜம் சிஸ்டரின் நம்பருக்கு ஒரு குறியீட்டு எண் வரும். அதைச் சொன்னால்தான் உள்ளே விடும். சிஸ்டர் கோர்ட்டில் இருக்கும்போது ஃபோனை அணைத்துவிடுவார், ஜெனிஃபர் காத்துக் கிடப்பாள். "இன்னா சிஸ்டர், ஒவ்வொரு வாட்டியும் பேஜாரா கீது" என்று சொல்லி அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தவரை யாரும் இந்தச் சின்ன டிரஸ்ட்டின் மெயிலுக்கு ஆசைப்படப் போவதில்லை.

*

இரண்டு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, மின்வாரியத்திலிருந்து வந்த ஒரு பழைய மெயிலைத் தேட உட்கார்ந்தாள். மேலே இருக்கும் தேடல் பெட்டியில் கையை வைத்ததும், இதற்கு முன் அதில் தேடிய சொற்கள் வரிசையாகக் கீழே விரிந்தன.

சிநேகா. அனு. ஸ்கூல்.

தான்தான் எப்போதோ தேடியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தாள்.

"சிஸ்டர், நீங்க மெயில்ல எதுனா தேடினீங்களா?"

"எனக்கு மெயில் திறக்கவே தெரியாதேம்மா. ஏன்?"

ஜெனிஃபர் மெயிலின் அமைப்புகள் பக்கத்துக்குப் போனாள். வருகிற மெயில் எல்லாவற்றையும் இன்னொரு முகவரிக்கும் நகல் அனுப்பச் சொல்லி யாரோ வைத்திருந்தார்கள். அந்த முகவரியை அவள் பார்த்ததே இல்லை. உள்ளே நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் ஆபீஸ் கம்ப்யூட்டர், அவளுடைய ஃபோன், அதற்குக் கீழே இன்னொரு ஃபோன். புதிய கருவி நுழைந்தால் எச்சரிக்கை மெயில் வருமே என்று தேடினாள். இல்லை. குப்பைத்தொட்டி துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது.

பள்ளிக்கு எழுதிய அந்த மெயிலைத் திறந்தாள். பள்ளியின் பெயர், அனுவின் வகுப்பு, பிரிவு, அம்மா வேலை செய்யும் ஹோட்டல் எல்லாம் அதில் இருந்தன. கீழே அவளுடைய பெயர்.

"சிஸ்டர்..." என்றாள். எழுந்து போய் ராஜம் சிஸ்டரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தீனா நம்ம மெயில்குள்ள கீறான் சிஸ்டர். அனு ஸ்கூலு அவனுக்குத் தெரியும்."

ராஜம் சிஸ்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு, வக்கீலுக்கும் போலீசுக்கும் ஃபோன் போட ஆரம்பித்தார். ஜெனிஃபர் பள்ளிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சிநேகாவுக்கு அடித்தாள். ஹோட்டலில் வேலை நேரத்தில் ஃபோனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது தெரியும், ஆனாலும் அடித்தாள். பிறகு ஆல்வினுக்கு.

"எங்க கீறீங்க?"

"நாவலூர்ல. சவாரி ஏத்திகினு கீறேன். ஏன் ஜெனி, குரல் ஒரு மாரி கீது?"

"கை கால்ல வுழுந்து அவங்கள எறக்கி வுட்டுட்டு பூஞ்சேரி ஸ்கூலுக்குப் போங்க. அனுன்னு ஒரு பாப்பா. மூணாவது. அவங்கப்பா வந்தா வுடக்கூடாது. நான் வர்ற வரைக்கும் வுடவே கூடாது."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி ஆல்வினிடம் சொன்ன முதல் விவரம் அது. அவன் "போறேன்" என்றான்.

சந்து முனையில் ஆட்டோவில் ஏறினாள். "மாமல்லபுரம் அண்ணாத்த. திருக்கழுக்குன்றம் வழியா. கொஞ்சம் சீக்கிரம்."

"அவ்ளோ தூரமாம்மா?"

"கேக்கறத குடுத்துடறேன். எடுங்க."

ஆட்டோவில் உட்கார்ந்தபடி தன் ஃபோனில் மெயிலைத் திறந்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தானை அழுத்தினாள். நகல் போய்க்கொண்டிருந்த அந்த முகவரியைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது, அதை அழித்தாள். அவனை வீட்டை விட்டுத் தள்ளிக் கதவைச் சாத்துவதுபோல இருந்தது. ஆனால் அவன் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போய் எத்தனை நாள் ஆயிற்றோ.

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் ஆட்டோ நின்றது. ஒரு லாரி குறுக்கே திரும்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஜெனிஃபர் பள்ளிக்கு மறுபடி அடித்தாள். இந்த முறை ஒரு பெண் எடுத்தாள்.

"மூணாவது படிக்கிற அனு... அவள யார்கூடவும் அனுப்பாதீங்க மேடம். நான் துணைவாசல்லருந்து பேசறேன்."

"அனுவா? அவங்கப்பா வந்து கூட்டினு போய்ட்டாரே, இப்பத்தான். ஆதார்லாம் காட்னாரு. நாங்க யோசிச்சோம், ஆனா கொழந்தையே அப்பான்னு ஓடிப்போய் கட்டிப்புடிச்சிகிச்சி."

லாரி நகர்ந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "போலாமாம்மா?" என்றார். ஜெனிஃபர் தலையை மட்டும் ஆட்டினாள். அனு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. எட்டு வயசுக் குழந்தைக்கு அப்பன் அப்பன்தானே. இத்தனை நாள் தேடியிருக்கும், யாரிடமும் கேட்காமல் இருந்திருக்கும்.

*

ஹோட்டலின் பின்பக்க கேட்டில் சிநேகா நின்றுகொண்டிருந்தாள். நீலச் சீருடை, தோளில் பை. ஜெனிஃபர் ஃபோனில் சொல்லி வரவழைத்த ஆல்வின் சற்றுத் தள்ளிக் காருக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் பள்ளிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வெள்ளை வண்டி போவதைப் பார்த்ததாக அங்கே கடையில் சொன்னார்களாம்.

சிநேகாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தீனா ஹோட்டலின் நம்பருக்கே அடித்து, ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, குழந்தையைப் பேசவிட்டிருக்கிறான். 'அம்மா, அப்பா கார்ல போறோம், நீயும் வா' என்று அனு சொன்னாளாம்.

"போகாத சிநேகா. சிஸ்டர் போலீஸ்ல பேசிகினு கீறாங்க. வக்கீல் நாளைக்கே மனு போடறாராம்."

"நாளைக்குப் போட்டா உத்தரவு எப்பக்கா வரும்?"

ஜெனிஃபர் தன் ஃபோனைப் பார்த்தாள். சிஸ்டரிடமிருந்து எதுவும் வந்திருக்கவில்லை.

"கோர்ட்ல, அப்பன்தானேன்னு கேப்பாங்க. கேக்கட்டும். அது வரைக்கும் என் கொழந்த அவன்கிட்ட இருக்குமா? அவள அடிக்க மாட்டான் அவன். என்ன அடிக்கறதுக்கு அவள பக்கத்துல உக்கார வெச்சிப்பான்."

"போனா வுட மாட்டான்டி."

"தெரியும்." அவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அவன் எப்டிக்கா கண்டுபுடிச்சான்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஜெனிஃபர் சமாளிக்கவில்லை. "என் மெயில் வழியாத்தான். அன்னிக்கு கண்காட்சியில வைஃபைல போட்டேன். அதுலதான் பாஸ்வேர்டு போயிருக்கணும்."

சிநேகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "எவனும் கண்டுபுடிக்க முடியாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றாள்.

ஜெனிஃபர் அவள் கையைப் பிடித்தாள். சிநேகா அதை மெதுவாக விலக்கிவிட்டு, ரோட்டுக்கு நடந்தாள். கேளம்பாக்கம் போகிற பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

*

அன்று மாலையே அடுத்த வேலை ஆரம்பித்தது. மெயிலில் சிநேகா மட்டுமா இருந்தாள்? எல்லா வீடுகளின் வாடகை ஒப்பந்தங்களும் அதில்தான் கிடந்தன. தீனா அதை யாருக்காவது கொடுத்தானா, இணையத்தில் எங்காவது போட்டானா, தெரியாது. தெரியாது என்பதே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், உடனே காலி செய்ய வேண்டும் என்று ஜெனிஃபர் சொன்னாள். காரணத்தையும் அவளே சொன்னாள். ராஜம் சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை.

பெண்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள். குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதுபோல அவசரமாகப் பள்ளிகளிலிருந்து எடுத்தார்கள். மகனுக்குப் பயந்து வந்திருந்த ஜெகதாம்பாள் என்ற வயதான அம்மாள் மட்டும் புது வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள்.

"எனக்கு உங்க கம்ப்யூட்டரும் வேணாம், உங்க வூடும் வேணாம். எனக்குப் பயமா கீதும்மா. நான் எங்க தங்கச்சி வூட்டுக்கே போயிடறேன்."

"அங்க உங்க புள்ள வருவாரேம்மா."

"வந்தா வரட்டும். அவன் வர்ற வழி எனக்குத் தெரியும். உங்க வழி எனக்குத் தெரியல."

ஜெனிஃபர் அன்று ராஜினாமா எழுதி மேசையில் வைத்தாள். ராஜம் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு நான்காக மடித்தார்.

"நீ போய்ட்டா பூட்டு மாட்டறது யாரு? நானா? அந்தக் குறியீடு வர்றது தொல்லைன்னு நீ சொன்னப்போ, சரி எடுத்துடுன்னு சொன்னவ நான். உக்காந்து வேலையப் பாரு."

உட்கார்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. வெப்சைட்டின் உள்ளே அவளுக்குத் தெரியாத ஒரு புது நிர்வாகி இருந்தான், தீனா சேர்த்தது. அந்தக் கல்லூரி மாணவனின் கணக்கு இன்னும் திறந்தே கிடந்தது. மேலே 'புதுப்பிக்கவும்' என்று சிவப்பில் வந்துகொண்டிருந்த அறிவிப்பை இரண்டு வருஷமாக அவள் 'பிறகு' என்று தள்ளிவிட்டிருக்கிறாள். உதவி கேட்டு எழுதிய பெண்களின் வரிகள் ஒன்றுகூட அழியாமல் உள்ளேயே சேர்ந்து கிடந்தன, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி.

சைட்டை யாரும் பார்க்க முடியாதபடி நிறுத்தினாள். நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினாள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, உள்ளே நுழைய மறுபடி குறியீட்டு எண், இந்த முறை தன் ஃபோனிலும் சிஸ்டர் ஃபோனிலும். வருகிற செய்திகளைப் படித்ததும் அழித்தாள். வீட்டு முகவரி எதையும் மெயிலில் வைக்கவில்லை. வெளியே எங்கே போனாலும், நெட் எவ்வளவு மெதுவாக இருந்தாலும், தன் ஃபோனின் டேட்டாவைத் தவிர எதையும் தொடவில்லை. எல்லாம் ஒரு நாள் வேலை. கண்காட்சிக்கு முந்தின நாள் செய்திருந்தால் போதும். அந்த நினைப்பு வரும்போது கீபோர்டில் விரல் நின்றுவிடும்.

சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்தார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "அந்த நகல் போன முகவரிய ஃபோட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். ஆட்டோல போகும்போது அழிச்சிட்டேன்."

"அதத்தான் எல்லாரும் பண்றாங்க. முதல்ல ஃபோட்டோ எடுத்துட்டு அப்புறம் அழிக்கணும். சரி, மெயில் கம்பெனிக்கு எழுதிக் கேப்போம். யார் எங்கருந்து உள்ள வந்தாங்கன்னு அவங்ககிட்ட இருக்கும். பதில் வர நாளாகும்."

நாளானது. சிநேகாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போலீஸ் போய்க் கேட்டபோது, இஷ்டப்பட்டுத்தான் வந்தேன் என்று அவளே எழுதிக் கொடுத்தாளாம். பக்கத்தில் அனு உட்கார்ந்திருந்தாளாம்.

ஜெனிஃபர் சாப்பிடுவதைக் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் பாட்டுப் பாட வாய் வரவில்லை. ஒரு நாள் மதியம் ஆல்வினிடம், கேளம்பாக்கம் போகலாம் என்றாள். அந்தக் குடியிருப்புக்கு எதிரே, மளிகைக் கடை ஓரமாக அவன் வண்டியை நிறுத்தினான். மூன்றாவது மாடி. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பால்கனியில் அனுவின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது, பூஞ்சேரிப் பள்ளியின் சீருடை. பள்ளிக்கு அனுப்புவதில்லை போல. வீட்டில் உடுத்திக் கழிக்கிறாள்.

"மேல போய் கதவத் தட்டட்டா?" என்றான் ஆல்வின்.

"வேணாம். நாம போனா ராத்திரிக்கு அவளுக்குத்தான் வுழும்."

கதவு திறக்கும், ஒரு கையாவது வெளியே வந்து துணியை எடுக்கும் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வெயில் இறங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் அழுதாள். ஆல்வின் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

*

மெயில் கம்பெனியின் பதில் வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கண்காட்சி நடந்த அன்று இரவே, கேளம்பாக்கத்தில் தீனாவின் பெயரில் இருந்த இணைய இணைப்பிலிருந்து யாரோ துணைவாசல் மெயிலுக்குள் நுழைந்திருந்தார்கள். அதன் பிறகு தினமும். காபிக் கடைக்காரரும் தன் கேமராப் பதிவைத் தேடிக் கொடுத்தார். மூலை மேசையில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு தீனா உட்கார்ந்திருந்தான், பூட்டு இல்லாத அந்த வைஃபை அந்தப் பைக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது. எதிரே ஸ்டாலில் ஜெனிஃபர் ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதும் அதே படத்தில் தெரிந்தது. அந்தப் படத்தை அவள் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

அதிகாரிகள் அவன் வீட்டுக்குப் போனபோது லேப்டாப்பில் அந்தப் போலிப் பக்கம் அப்படியே இருந்தது, ஆவி பறக்கும் கப்போடு. அவனைக் கூட்டிப் போனார்கள். அவன் படி இறங்கிப் போன பிறகுதான் சிநேகா வாய் திறந்தாள். இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, வந்த முதல் வாரத்திலிருந்து என்றாள்.

வேவு பார்த்துக் குழந்தையைப் பிடித்து வைத்து மிரட்டியதெல்லாம் ஆதாரமாக எழுத்தில் வந்ததும், கோர்ட்டில் இத்தனை காலம் நகராத மனு நகர்ந்தது. பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அனு அம்மாவிடமே இருக்கலாம் என்று இடைக்கால உத்தரவும் கிடைத்தது. ஆனால் தீனா ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வந்த அன்றே ராஜம் சிஸ்டர் முடிவெடுத்தார், சிநேகா இந்த மாவட்டத்திலேயே இருக்கக்கூடாது. தூரத்தில் அவருக்குத் தெரிந்த இன்னொரு அமைப்பு இருந்தது.

"எந்த ஊர்னு சொல்றேன், ஜெனி..." என்று ஆரம்பித்தார்.

"என்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்."

ராஜம் சிஸ்டர் எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

கிளம்புவதற்கு முன் சிநேகாவும் அனுவும் ஆபீசுக்கு வந்தார்கள். சிநேகா இளைத்திருந்தாள். பேசுகிறவரின் பக்கம் வலது காதைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தாள். அனு நாற்காலியில் உட்கார்ந்து மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, நாங்க அங்க கீறோம்னு அப்பாக்கு யாரு சொன்னது?"

"அனு, சும்மா இரு" என்றாள் சிநேகா.

"நான்தான்டா தங்கம்" என்றாள் ஜெனிஃபர். "தெரியாம சொல்லிட்டேன்."

அனு யோசித்தாள். அப்பாவிடம் போனதற்குத் தன்மேல் யாருக்கும் கோபம் இல்லையா என்பதுபோல அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்ட்ராவை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

சிநேகா எழுந்தாள். "உங்க மேல கோவம் போயிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேங்க்கா" என்றாள். "ராவுல காது வலிக்கும்போது உங்க ஞாபகம்தான் வரும். ஆனா நீங்க ஒளிக்காம சொன்னீங்க. அவன் என்கிட்ட ஒரு நாளும் நெஜம் சொன்னதில்ல." அவ்வளவுதான் சொன்னாள். ஜெனிஃபரின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். ராஜம் சிஸ்டர் பின்னாலேயே போனார்.

கீழே ஆட்டோ காத்திருந்தது. சந்து முனையில் வலது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு, இடது பக்கம் ரயில்வே ஸ்டேஷன். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும். ஜெனிஃபர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்தை வைத்துக்கூடத் தெரிந்துவிடக்கூடாது என்று, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நெடுநேரம் அப்படியே நின்றாள்.